தண்ணி எங்க போகுது?

ஒரு லொறி சூடாகி நின்றால் அதைச் சுற்றி நிற்கிற ஒவ்வொருத்தரிடமும் ஒரு தீர்ப்பு இருக்கும். ‘ரேடியேட்டர் அடைப்பு’ என்பார் ஒருவர். ‘தேர்மோஸ்டாட்’ என்பார் இன்னொருவர். எங்கள் மாமாவின் லொறிக்கு ஒரு கராஜில் சொன்ன தீர்ப்பு இன்னும் பெரியது: ‘ஹெட் கேஸ்கட் போயிட்டு. ஹெட்ட இறக்கணும்.’

அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் நடுவில், திருக்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது வினாயகபுரம். மாமாவிடம் இருப்பது என்னைவிட வயது கூடிய இசுசு எல்ஃப். 4ஜேபி1 டீசல் எஞ்சின். பெரும்போக வெட்டு நடக்கிற மாசி, பங்குனியில் சாகாமம் பக்கத்து வயல்களில் இருந்து நெல் மூட்டை ஏற்றுகிற கூலிதான் அந்தக் குடும்பத்தின் வருசச் சாப்பாடு. அப்போது வேறு லொறி வாங்கவும் வழியில்லாமல் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியது. அப்போது பழைய லொறிக்கே யானை விலை, பாகங்களுக்குக் குதிரை விலை. ஹெட் இறக்கும் செலவைக் கேட்டதும் மாமி பேசாமல் கையில் இருந்த காப்பைக் கழற்றி மேசையில் வைத்தா. அடகுக்கு.

அன்று பின்னேரம் மாமா அக்கரைப்பற்றில் இருந்து ஒரு காக்காவைக் கூட்டிவந்தார். நாற்பது வருசம் டீசல் எஞ்சினோடு கிடந்தவர். அவர் ஸ்பானர் பெட்டியைத் திறக்கவே இல்லை. கேட்டது ஒரே ஒரு கேள்வி: “தண்ணி கொறையிது எண்டா, அது எங்க போகுது மனே?”

யோசித்துப் பாருங்கள். தண்ணி போக இரண்டு வழிதான். ஒன்று எஞ்சினுக்கு உள்ளே, மற்றது வெளியே. ஹெட் கேஸ்கட் போனால் உள்ளே போகும். அதற்கு அடையாளம் உண்டு. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தோம், ஒயில் பால் தேத்தண்ணி நிறமாகவில்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணினோம். (சூடான எஞ்சினில் இதைச் செய்யவே வேண்டாம். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். திறந்தால் கொதிதண்ணி முகத்தில்தான்.) கேஸ்கட் போயிருந்தால் தண்ணிக்குள் குமிழி விடாமல் வரும். வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. “உள்ளுக்கு ஒண்டும் இல்ல. வெளிய தேடுவம்” என்றார் காக்கா.

ஆனால் விடிய எழும்பிப் பார்த்தால் லொறிக்கு அடியில் நிலம் காய்ந்துதான் கிடக்கும். அதனால்தான் எல்லோரும் கேஸ்கட் என்று நம்பினார்கள். காக்கா டோர்ச்சை வாங்கி எஞ்சினின் முன்பக்கம் அடித்துக் காட்டினார். வோட்டர் பம்பின் அடியில் பென்சில் முனை அளவு ஒரு துளை. அதிலிருந்து துருப்பிடித்த கோடு ஒன்று கீழே இறங்கியிருந்தது. அந்தத் துளை ஓட்டை விழுந்ததல்ல, செய்கிறபோதே வைப்பது. பம்பின் தண்டைச் சுற்றி ஒரு சீல், அதற்கு வெளியே பெயரிங். சீல் தேய்ந்தால் தண்ணி பெயரிங்குக்குள் போகாமல் இந்தத் துளையால் வெளியே வரும். எஞ்சின் ஓடும்போதுதான் அதிகம் கசியும். அதையும் ஃபேன் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு நிலத்தில் என்ன அடையாளம் கிடைக்கும்?

“இப்ப ஃபேனப் புடிச்சி ஆட்டிப் பாரு” என்றார். இந்த எஞ்சினில் ஃபேன் பம்பின் தண்டிலேயே பூட்டியிருக்கிறது. ஆட்டினேன். டக் டக் என்றது. பெயரிங்கும் போயிருந்தது.

அடுத்த நாள் கல்முனையில் புதுப் பம்ப் வாங்கினோம். கழற்றினது நான், சொல்லித் தந்தது காக்கா. முதலில் பற்றரி வயர். பிறகு தண்ணியைத் திறந்துவிட்டு, பெல்ட், ஃபேன், கடைசியாகப் பம்ப். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு மட்டையில் பம்பின் படத்தைக் கீறி, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்திவைக்கச் சொன்னார். பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுக்கத்தான் கூட நேரம் போனது. கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புதுசும் கசியும். போல்ட்டை ஒரு பக்கமாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பெல்ட்டைப் பெருவிரலால் அமத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு தாழவேண்டும். கூட இறுக்கினால் புதுப் பெயரிங்கும் தாங்காது.

கழற்றின பம்பைக் கையில் எடுத்தபோதுதான் விசயம் விளங்கியது. உள்ளே சுழல்கிற இதழ்கள் எலி கடித்தமாதிரி. திறந்துவிட்ட தண்ணி சேற்று நிறம். வருசக்கணக்காக ஊற்றினது கடலோரக் கிணற்றுத் தண்ணி. அதில் இருக்கிற உப்பு இரும்பைத் தின்னும், சுண்ணாம்பு சூட்டில் படிந்து இறுகும். அந்தத் தூள் சுற்றிச் சுற்றி வந்து சீலை அரைக்கும். கூலண்ட் குளிர்நாட்டுக்காரருக்கு உறையாமல் இருக்க, நமக்கு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். நமக்கு அது துருப் பிடிக்காமல் இருக்க.

உள்ளே எல்லாம் கழுவி, கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணியும் ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டோம். 80 பாகைக்குக் கொஞ்சம் மேலே தேர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணி மட்டம் சடக்கென்று இறங்கியது. உள்ளே கிடந்த காற்று குமிழியாக வெளியேறியது. திரும்ப நிரப்பி மூடினோம். அடுத்த நாள் மூட்டை ஏற்றிக்கொண்டு போனோம், சூட்டு முள் நடுவை விட்டு அசையவில்லை.

அந்தக் கராஜ்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதையும் கழற்றாமல், காசு செலவழிக்காமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்க்கிற ஒழுங்கு அவரிடம் இல்லை. எங்கள் வீடுகளில் மோட்டார்சைக்கிளோ முச்சக்கரவண்டியோ லொறியோ ஒன்று இருக்கும், அதை நம்பி ஒரு அடுப்பும் இருக்கும். ‘மெக்கானிக் வேலை படிக்காதவனுக்கு’ என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். ஒயிலைப் பார், குமிழியைப் பார், துளையைப் பார், ஃபேனை ஆட்டு. இந்த நாலும் கால் மணித்தியால வேலை. அந்தக் கால் மணித்தியாலம்தான் மாமியின் காப்பைத் திரும்பக் கையில் ஏற்றியது.