நன்னடத்தைச் சான்றும் நம் சாட்சியமும்

கடல் கடந்து பொருளீட்டுவது நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் கொழும்புக்கும் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய காலத்தில், அவர்களைப் பற்றிய சான்று அங்கு முன்னரே குடியேறியிருந்த ஊராரின் நாவில் இருந்தது. 'இவர் இன்னாருடைய மகன். கை சுத்தமானவர்' என்று கடை முதலாளி ஒருவர் சொல்லிவிட்டால் வேலை கிடைத்துவிடும். அந்தச் சொல் இருந்த இடத்தில் இன்று ஒரு தாள் இருக்கிறது. காவல்துறை நற்சான்று என்று நாம் அதனைச் சொல்கிறோம். அரபு நாடுகளில் அதற்கு 'ஷஹாதத்து ஹுஸ்னிஸ் ஸீரா வஸ்ஸுலூக்' என்று பெயர்; நல்லொழுக்கத்திற்கும் நன்னடத்தைக்குமான சாட்சியம் என்பது பொருள். 'ஷஹாதத்' என்ற சொல்லை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாட்சியம் என்பது நம் மார்க்கத்தின் தலைவாசல் அன்றோ?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர். அவ்வூரிலிருந்தும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்தும் வெளிநாடு செல்ல விழையும் இளைஞர்கள் இத்தாளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நம்மிடம் வருவதுண்டு. அரபு தெரிந்தவர் ஆயிற்றே, அரபியில் எழுதிக் கொடுத்துவிடுவார் என்பது அவர்கள் எண்ணம். நாம் எழுதிக் கொடுத்தால் அது செல்லாது; அந்தந்த நாடு ஏற்கும் மொழிபெயர்ப்பாளர் முத்திரை வேண்டும். ஆயினும் அத்தாள் செல்லும் வழியை நாம் சொல்லிக் கொடுப்பதுண்டு. அதனை இங்கும் எழுதுகிறோம்.

வெளிநாட்டு வேலைக்கான நற்சான்றை வழங்குவது ஊர்க் காவல் நிலையமன்று, கடவுச்சீட்டு அலுவலகம். நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தைச் சேர்ந்தது. கடவுச்சீட்டு சேவையின் இணையதளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டணம் செலுத்தி, குறித்த நாளில் மூல ஆவணங்களுடன் நேரில் செல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 28 முதல் அஞ்சலகக் கடவுச்சீட்டு மையங்களிலும் இதற்கு விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. அதன் பின் நம் காவல் நிலையத்திற்கு விசாரணை வரும். காவலரின் அறிக்கை தெளிவாக இருந்தால் சான்று கிடைக்கும்.

அத்துடன் வேலை முடிவதில்லை. அத்தாளின் கையொப்பம் உண்மையானதுதானா என்பதை அயல்நாட்டான் எங்ஙனம் அறிவான்? இதற்காக 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதன்படி, தாளை அனுப்பும் நாடு 'அப்போஸ்டில்' என்னும் ஒரே முத்திரையை இட்டால், உடன்படிக்கையில் உள்ள ஏனைய நாடுகள் அதனை ஏற்கும். இந்தியாவில் இது 2005 ஜூலை 14 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓமானில் 2012-இலும், பஹ்ரைனில் 2013-இலும், சவூதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7 அன்றும் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையில் சேராத நாட்டிற்குச் செல்வதானால் வழி நீளும். முதலில் நம் வெளியுறவு அமைச்சகம், பின்பு அந்நாட்டின் தூதரகம், அங்குப் போய் இறங்கிய பின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என ஒன்றன்மேல் ஒன்றாக முத்திரைகள் விழ வேண்டும். பட்டச் சான்றுக்கும் திருமணச் சான்றுக்கும் மாநில அரசின் மேலொப்பம் முதலில் தேவைப்படும். கடவுச்சீட்டு அலுவலகம் தந்த நற்சான்றுக்கு அது தேவையில்லை. இதை அறியாது, வேண்டாத முத்திரைக்கும் பணம் கொடுத்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

இந்த மேலொப்பத்திற்கு அரபியில் 'தஸ்தீக்' என்று பெயர். 'ஸித்க்' என்னும் உண்மையிலிருந்து பிறந்த சொல் அது. அபூபக்ர் (ரலி) அவர்களின் 'சித்தீக்' என்னும் பட்டமும் அவ்வேரினதே. ஆனால் அரசாங்கத்தின் தஸ்தீக் எதனை உண்மைப்படுத்துகிறது? கையொப்பம் உண்மையானது, ஒப்பமிட்டவர் அப்பதவியில் இருப்பவர், முத்திரை அவ்வலுவலகத்தினுடையது. இந்த மூன்றை மட்டுமே. தாளில் எழுதியிருப்பது மெய்யா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. சுருங்கச் சொன்னால், ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்திய முத்திரைக்கே சாட்சி, மனிதனுக்குச் சாட்சியன்று.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இது பழகிய இடம். நம் முஹத்திஸீன்கள் அறிவிப்பாளர் தொடர் அறுபடாமல் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடவில்லை. அத்தொடரில் உள்ள ஒவ்வொருவரும் நம்பத்தக்கவரா என்றும் ஆராய்ந்தார்கள். தொடர் முழுமையாக இருந்தும், முதலில் சொன்னவன் பொய்யனாயின் அச்செய்தி தள்ளப்பட்டது. தில்லியின் முத்திரையும் தூதரகத்தின் முத்திரையும் தொடர் அறுபடவில்லை என்பதைக் காட்டும். உண்மை இருக்க வேண்டிய இடம் முதற்கண்ணி. அது தில்லியில் இல்லை. நம் தெருவில், காவலர் வந்து கேட்கும்போது நாம் சொல்லும் விடையில் இருக்கிறது.

ஒருவருக்கு நற்சான்று கூற முன்வந்த மனிதரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டதாக ஓர் அறிவிப்பு உண்டு. இவருடைய அண்டை வீட்டில் வசித்தாயா, இவருடன் பயணம் செய்தாயா, பொற்காசு வெள்ளிக்காசு கொடுக்கல் வாங்கல் செய்தாயா என்பன அவை. மூன்றுக்கும் இல்லை என்றதும், அப்படியாயின் நீ இவரை அறியாய் என்று திருப்பியனுப்பினார்களாம். பள்ளிவாசலில் தொழக் கண்டதை மட்டும் வைத்துச் சான்று கூற இயலாது என்பது அதன் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவருக்குக் குவைத்தில் மின்பணியாளர் வேலை அமைந்தது. தந்தையை இழந்த குடும்பம்; தங்கையின் நிகாஹ் இவர் வருவாயை நம்பி நின்றது. இடையே ஒரு முட்டுக்கட்டை. கல்யாண வீட்டில் நடந்த கைகலப்பு ஒன்றில் இவர் பெயரும் சேர்ந்து, வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. முகவர் ஒருவர் இருபதாயிரம் கொடுத்தால் 'சுத்தமான' தாள் தருவதாகச் சொன்னார். தாயார் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பணத்துக்கு எங்கே போவேன்? இவன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று ஜமாஅத் தாளில் நீங்களாவது எழுதிக் கொடுங்கள்" என்று கண்ணீர் விட்டார்.

அந்தக் கண்ணீரின் முன் மறுப்பது எளிதன்று. ஆயினும் நாம் சொன்னோம்: "அம்மா, இவர் ஐந்து வயதிலிருந்து நம்மிடம் ஓதினார், பிறர் பொருளைத் தொட்டதில்லை என்று எழுதித் தருகிறோம், அதை நாம் அறிவோம். வழக்கு இல்லை என்று எழுத மாட்டோம். அது இருப்பதையும் நாம் அறிவோம்." மகனிடம், "தம்பி, தாளைத் திருத்தப் பார்க்காதீர், வழக்கை முடிக்கப் பாரும்" என்றோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. அங்குள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு, 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழைகளுக்கு இலவசமாக வழக்கறிஞர் உதவி தருகிறது. சமரசத்திற்கு உரிய சிறு குற்ற வழக்குகள் லோக் அதாலத்தில் கட்டணமின்றித் தீர்கின்றன. இரு வீட்டுப் பெரியவர்களும் அமர்ந்து பேசினர். இளைஞர்கள் கைகொடுத்துக் கொண்டனர். வழக்கு முறைப்படி முடிந்தது. ஆனால் அதற்குள் குவைத்து வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நிகாஹும் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அந்த ஓராண்டும் அத்தாய் நம்மை எந்த முகத்துடன் பார்த்தார் என்பதை நாம் மறக்கவில்லை. பின்னர் மற்றொரு வேலை வந்தது. நீதிமன்ற ஆணையைக் காட்டி, முறையான சான்றுடன் அவர் விமானம் ஏறினார். உண்மைக்கு விலை உண்டு. அதை அக்குடும்பம் கொடுத்தது. விலையின்றிக் கிடைத்ததாக நாம் எழுதினால் அதுவும் பொய்ச்சாட்சியமே.

இனி, குடும்பத்தார் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள். முதலாவது பெயர். தமிழில் காதர் என்பார்கள். அரபியில் அது காதிர், அடித்தொண்டையில் பிறக்கும் எழுத்தில் தொடங்குவது. ஆங்கிலத்தில் பள்ளியில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், கடவுச்சீட்டில் மற்றொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். நமக்கு ஒருவராகத் தோன்றும் இவர், அயல்நாட்டு அலுவலருக்கு மூவர். அத்தாவின் பெயரை முதலெழுத்தாக மட்டும் போடும் நம் வழக்கமும் அங்கே விளங்காது. பிள்ளைகள் பள்ளியில் சேரும் நாளிலேயே பெயரை ஒரே விதமாக எழுதிவையுங்கள்.

இரண்டாவது, விதிகள் மாறும். ஐக்கிய அரபு அமீரகம் 2018 பிப்ரவரி 4 முதல் வேலைக்கு நன்னடத்தைச் சான்று கேட்டது. ஏப்ரல் 1 முதல் நிறுத்திவைத்தது. சவூதி அரேபியா 2022 ஆகஸ்டில் நம் நாட்டவரிடம் கேட்கத் தொடங்கி, நவம்பர் 17 அன்று விலக்களித்தது. எனவே முகவர் சொன்னார் என்று நகையை அடகு வைக்குமுன், தூதரக அறிவிப்பைப் படித்தவர் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். சான்றை மிக முன்கூட்டியே வாங்கி வைப்பதும் வீண். அண்மையில் பெற்றதையே கேட்பார்கள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதையும் சாட்சிகளையும் பற்றியது. எழுதுபவன் நீதியுடன் எழுதவும், அழைக்கப்பட்ட சாட்சி மறுக்காதிருக்கவும் அது பணிக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகக் காவலர் நம் வாசலில் வந்து கேட்கும் நாளில், நமக்கேன் வம்பு என்று கதவைச் சாத்தாமலும், பகையை மனத்தில் வைத்துப் புறங்கூறாமலும், அறிந்ததை அறிந்தவாறு சொல்வோமாக. அதன்மேல் விழும் முத்திரைகள் எத்தனையாயினும் நம் சொல்லையே சுமந்து செல்கின்றன.