தனிக் கட்டுரைக்குத் தகுதி எது?

அச்சில் கலைக்களஞ்சியம் வந்த காலத்தில், எந்தப் பொருளுக்குத் தனிப் பதிவு தருவது என்ற கேள்விக்குத் தாளின் விலையும் பதிப்பாசிரியரின் தெரிவும் விடை சொல்லின. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும் பக்க வரம்பு இருந்தது. விக்கிப்பீடியாவுக்கு அத்தகைய வரம்பு இல்லை. ஆயினும் அங்கும் ஒரு வாயில் உண்டு. அதற்குத் தமிழில் குறிப்பிடத்தக்கமை என்று பெயர்.

விதி எளிது. ஒரு பொருளைப் பற்றி, அப்பொருளோடு தொடர்பில்லாத, நம்பகமான வெளியீடுகள் விரிவாக எழுதியிருக்க வேண்டும். போகிற போக்கில் ஒரு வரி குறிப்பிடுவது போதாது. கட்டுரை எழுதுபவர் தம் சொந்த ஆய்வை நேரடியாக அங்கே பதிவதும் கூடாது. சிறுமொழிகளை ஆராயும் எனக்கு இவ்விதி வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று.

மொழிகளுக்கு இடமளிக்கும் மற்றொரு வாயிலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியாகச் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாகத் தொகுத்தார்கள். அவற்றுள்ளும் பத்தாயிரம் பேரேனும் பேசுபவற்றையே பெயரிட்டு, 121 மொழிகளின் கீழ் அடக்கினார்கள். ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் தாய்மொழியாகப் பதிந்த போஜ்புரி, இந்தியின் கீழ் சென்றது. இருளர் மொழி தமிழின் கீழ் சென்றது. நீலகிரியின் தோடா மொழி அந்த 121இல் இல்லை; அதைப் பேசுவோர் பத்தாயிரத்துக்கும் மிகக் குறைவு.

ஆனால் விக்கிப்பீடியாவில் தோடா மொழிக்குத் தனிக் கட்டுரை உண்டு. அதன் தகுதியை எவரும் ஐயுறுவதில்லை. காரணம், முர்ரே எமனோ என்ற மொழியியலாளர் 1930களின் இடையில் நீலகிரிக்கு வந்து தங்கினார். அவர் எழுதிய தோடர் பாடல்கள் பற்றிய நூல் 1971இலும், தோடா இலக்கணமும் உரைப்பகுதிகளும் அடங்கிய நூல் 1984இலும் வெளிவந்தன. இருளர் மொழிக்குத் தனிக் கட்டுரை நிற்பதற்குக் கமில் சுவலபில் போன்றோரின் நூல்கள் துணை. ஒரு வாயில் தலைகளை எண்ணுகிறது. மற்றொன்று ஏடுகளை எண்ணுகிறது. மொழியின் மதிப்பை அளக்கும் கோல் இரண்டிடமும் இல்லை.

மனிதர்களுக்கும் இதே நிலைதான். கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லேண்ட் பற்றிய வரைவுக் கட்டுரை ஒன்று 2018 மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கப்படவில்லை. காட்டப்பட்ட மூலங்கள் போதா என்பது காரணம். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. சில மணி நேரத்தில் கட்டுரையும் எழுந்தது. பரிசுக்குரிய ஆய்வோ 1985இல் வெளியானது. அவரோடு அதைச் செய்த ஜெரார்டு மூரூவுக்கு முன்பே கட்டுரை இருந்தது. வரைவை மறுத்தவர் விதிப்படியே நடந்தார். உலகம் யாரைப் பற்றி எழுதியது, யாரைப் பற்றி எழுதாமல் விட்டது என்பதை விதி அப்படியே எதிரொளித்தது.

இனி என் கதை. தமிழ்நாடும் கர்நாடகமும் கேரளமும் கூடும் மலைப்பகுதியில், சில ஊர்களில் மட்டும் வழங்கும் பேச்சு ஒன்றை ஆராய்கிறேன். சொற்பட்டியல் திரட்ட எனக்கு உதவும் இளைஞர் ஒருவர், கைப்பேசியில் தோடா மொழிக் கட்டுரையைக் காட்டி, "எங்க பேச்சுக்கும் இப்படி ஒரு பக்கம் போட்டுடுங்க அக்கா. நாங்களும் இருக்கோம்னு தெரியட்டும்" என்றார். அரைமணி நேர வேலை. என் குறிப்பேடுகளில் செய்தி நிறைய உண்டு. ஆயினும் எழுதுவதில்லை என்று முடிவுசெய்தேன். அவரிடம் காரணத்தையும் சொன்னேன்.

முதல் சிக்கல் தலைப்பிலேயே தொடங்குகிறது. அக்கம்பக்கத்தார் அப்பேச்சைக் குறிக்க வழங்கும் பெயரில் இழிவு தொனிக்கிறது. பேசுபவர்களோ 'எங்க பேச்சு' என்கிறார்கள். இரண்டு ஊர்களில் வேறொரு பெயரும் உண்டு. இன்று நான் ஒன்றைத் தேர்ந்து தலைப்பிட்டால், தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அதையே பெருக்கும். நாளை ஒரு செய்தித்தாள் அங்கிருந்து எடுத்தெழுதும். பிறகு அச்செய்தித்தாளே அக்கட்டுரைக்குச் சான்றாகும். தமிழைப் பற்றித் தவறாக எழுதினால் திருத்த ஆயிரம் பேர் வருவர். இப்பேச்சைப் பற்றித் தவறாக எழுதினால் திருத்த யாரும் வரமாட்டார்கள். பெரிய மொழிக்கு விதி ஒரு சடங்கு. சிறுமொழிக்கு அதுவே காப்பு.

அதனால் விதியை நான் எதிர்க்கவில்லை. அதை நாம் படிக்கும் முறையைத்தான் எதிர்க்கிறேன். 'குறிப்பிடத்தக்கதன்று' என்ற முடிவை 'இன்னும் எழுதப்படவில்லை' என்றே படிக்க வேண்டும். எழுதப்படாமைக்கும் வரலாறு உண்டு. கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்துக்கும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களுக்கும் விரிவுபடுத்தப்படவில்லை. வடக்கே சிறு வட்டார வழக்குக்கும் அதில் ஒரு மாதிரி உரை கிடைக்கும். நம் மலைகளில் பல பேச்சுகளுக்கு அப்படி ஒரு தொடக்கம் வாய்க்கவில்லை.

ஆகவே வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் ஒலியமைப்பையும் சுருக்கமான இலக்கணத்தையும் ஆய்விதழ் ஒன்றில், பிறர் மதிப்பீட்டுக்கு உட்பட்டு வெளியிட வேண்டும். பெயரை ஊரார் கூடித் தீர்மானிக்க வேண்டும். அவர்கள் ஒப்புதலோடு ஒலிப்பதிவுகள் ஓர் ஆவணக்காப்பகத்தில் சேர வேண்டும். அதன்பின் அப்பகுதி மொழிகளைப் பற்றிய பொதுக் கட்டுரையில் ஒரு பத்தி போதும். இன்னும் இரண்டு மூன்று பேர் தனித்தனியே ஆராய்ந்து எழுதினால் தனிக் கட்டுரை தானே எழும். அதை நான் தொடங்கவும் வேண்டியதில்லை.

இங்கே ஆய்வு மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். பட்டம் பெற்றதும் ஆய்வேட்டை நூலக அடுக்கில் உறங்க விடாதீர்கள். அதிலிருந்து ஓர் இயலையாவது எவரும் படிக்கும் வகையில் வெளியிடுங்கள். உங்கள் ஆய்வுப்பொருள் நாளை வாயிலில் நிற்கும்போது அதன் கையில் இருக்கப்போகும் ஒரே சான்று அதுவாக இருக்கலாம்.