மறுபக்கம் பார்க்காத சீட்டு

எங்கள் விடுதியில் இரவு ஒன்பதரைக்கு டி.வி.யை அணைத்துவிடுவார்கள். படம் எந்த இடத்தில் நிற்கிறது என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். கதாநாயகி கிணற்றடியில் நின்றுகொண்டிருப்பாள். குதிப்பாளா மாட்டாளா என்று நாங்கள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்போம். வார்டன் வந்து பட்டனை அமுக்குவார். "போய்ப் படுங்கம்மா, காலைல ஆபீஸ் இல்ல?"

மீதிப் படத்தை மேலே போய் நாங்களே ஓட்டினோம். எட்டுக் கட்டில் போட்ட நீள அறை அது. விளக்கை அணைத்துவிட்டு ஒருத்தி ஆரம்பிப்பாள், இன்னொருத்தி பிடுங்கிக்கொள்வாள். நாங்கள் முடித்த விதத்துக்கும் உண்மையான படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஒருநாள் திண்டிவனத்துக்காரி சொன்னாள்: "எதுக்கு அடுத்தவன் படத்துல பாதிய வாங்கணும்? முழுசா நம்மளே எடுப்போம்." அப்படிப் பிறந்ததுதான் 'இல்லாத படம்' என்ற விளையாட்டு.

இது நடந்தது 1998-ல், சென்னையில். நான் ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிங் மெஷினில் விழும் ஓரத் தாள்களை நான் கொண்டுவருவேன், நாலு விரல் அகலம் இருக்கும். ஆளுக்கு ஒரு சீட்டு. தனக்கு ரொம்பப் பிடித்த, ஆனால் யாரும் எடுக்காத படத்தை அதில் எழுத வேண்டும். பெயர், கதை, யார் நடிப்பது. ரேவதிதான் பெரும்பாலும் கதாநாயகி. எல்லாச் சீட்டையும் ஒரு தூக்குவாளியில் போட்டுக் குலுக்கி ஒருத்தி எடுத்துப் படிப்பாள், மற்றவர்கள் இது யாருடைய படம் என்று சொல்ல வேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இன்னொருத்தியின் முட்டை. படிக்கிறவள் கையெழுத்தைப் பார்த்துவிடுவாள் என்பதால் அவள் அன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நாங்கள் கறாராக இருந்தோம்.

அந்தச் சீட்டுகளில் பலவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். பல வருடம் கழித்து எடுத்து எண்ணிப் பார்த்தேன். முதல் இரண்டு மாதத்துச் சீட்டுகள் 43 இருந்தன. 29-ல் ஓர் ஆண்தான் கதை. 11-ல் அம்மா சாகிறாள். என் சீட்டுகளைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. நான் எழுதிய மூன்று படங்களில் மனைவி செத்துப்போகிறாள், அதன் பிறகு கணவன் திருந்துகிறான். யோசித்துப் பாருங்கள், எங்களுக்குத் தயாரிப்பாளர் கிடையாது, விநியோகஸ்தர் கிடையாது, சென்சார் கிடையாது. பார்க்கிறவர்களும் எட்டுப் பெண்கள்தான். ஒரு பைசா செலவில்லாமல் எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அப்படியும் ஆணைத் திருத்துவதற்கு ஒரு பெண்ணைக் கொன்றுகொண்டிருந்தேன்.

மாற்றம் டைப்பிஸ்ட் அக்காவிடமிருந்து வந்தது. எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதியே அவருடைய தம்பி விடுதி வாசலில் வந்து நிற்பான், சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு போவான். அக்காவின் சீட்டில் இப்படி இருந்தது: ஒன்றாம் தேதி. ஊரிலிருந்து தம்பி பஸ் ஏறுகிறான். பஸ் போய்க்கொண்டே இருக்கிறது. படம் முழுக்கப் பஸ்தான். இங்கே அக்கா கவரைப் பிரித்து ஒரு மிக்சி வாங்குகிறாள், செருப்பு வாங்குகிறாள், மெரினாவில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறாள். பஸ் இன்னும் திண்டிவனம் தாண்டவில்லை. சுபம்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழிருந்து வார்டன் மேலே வந்துவிட்டார். யாருடைய படம் என்று கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, தலையணை உறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு யாரும் அம்மாவைக் கொல்லவில்லை. ஆணைப் பற்றி எழுதினால், "ஏய், உனக்கு என்ன வேணும்னு எழுதுடீ" என்று சண்டைக்கு வந்தார்கள்.

வார்டனும் ஒருநாள் சீட்டுக் கேட்டார். அவர் படத்தின் பெயர் 'செகண்ட் ஷோ'. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இரவுக் காட்சிக்குத் தனியாகப் போய்விட்டு, கதவைத் தட்டி யாரிடமும் விளக்கம் சொல்லாமல், தன் சாவியால் திறந்து உள்ளே வருகிறாள். அவ்வளவுதான் கதை. ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு எங்களை உள்ளே வைத்துப் பூட்டுகிறவருக்கும் வெளியே போக ஆசை இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

இனி எழுதப்போவதைப் பல வருடம் தள்ளிப்போட்டேன். எழுதலாமா என்ற சந்தேகம் இன்னமும் இருக்கிறது. அவளை இங்கே அம்மணி என்கிறேன். நாங்கள் கூப்பிட்ட பெயர் அது இல்லை, ஊரையும் சொல்லப்போவதில்லை.

அம்மணி ஜன்னலோரக் கட்டில். அதிகம் பேச மாட்டாள். நன்றாகக் கண்டுபிடிப்பாள், ஆனால் அவளுடைய படங்கள் சாதாரணமாக இருக்கும். தன்னைக் காட்டிக்கொள்ளாமல் எழுதுகிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அந்த டிசம்பரில் ஒரு சீட்டு எழுதினாள். படத்தின் பெயர் 'வாடகைக்கு'. இரண்டு பெண்கள் ஒரு சிறிய ஊரில் வீடு பார்க்கிறார்கள். நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்று வீட்டுக்காரப் பாட்டி கேட்கிறார். அக்கா தங்கச்சி என்கிறார்கள். அதிலிருந்து ஊரே கேள்வி கேட்கிறது. அப்பா பேர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம், யாருக்கு அம்மை போட்டது. இருவரும் ராத்திரி உட்கார்ந்து பொய்களைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். இல்லாத ஓர் அப்பாவுக்குத் திதி கொடுக்கிறார்கள். எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். பாட்டி மட்டும் ஒருநாள் கேட்கிறார்: அக்கா தங்கச்சி என்றால் ஏன் நீங்கள் சண்டையே போடுவதில்லை?

அன்றைக்குப் படித்தது நான். வாயைத் திறக்கக் கூடாதவள். ஆனால் எழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. 1978-லேயே அரசு எழுத்துச் சீர்திருத்தம் வந்துவிட்டது, லை, ணை எல்லாம் மாறிவிட்டன. அம்மணி மட்டும் பாட்டியிடம் எழுதப் பழகியவள், பழைய துதிக்கை போட்டே எழுதுவாள். நாள் முழுக்க எழுத்தை உற்றுப் பார்க்கும் வேலை எனக்கு. கண்டுபிடித்த பெருமை தாங்கவில்லை. "இது யாருன்னு எனக்குத் தெரியுமே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "என்னடீ, அந்த ஃபயர் படம் பாத்துட்டியா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த மாதம் அந்தப் பெயர் எல்லார் வாயிலும் இருந்தது. தீபா மேத்தாவின் 'ஃபயர்' நவம்பரில் இந்தியாவில் வெளியாகியிருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மும்பையிலும் டெல்லியிலும் சிவசேனைக்காரர்கள் திரையரங்குகளைத் தாக்கினார்கள். படத்தை மறுபடியும் தணிக்கைக்கு அனுப்பினார்கள். எங்கள் அறையில் ஒருத்தியும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. போஸ்டர் கிழிக்கிற படத்தைத்தான் பேப்பரில் பார்த்தோம். கிழிக்கிறவர்களைத் திட்டியவர்கள்தான் நாங்கள். அதே நாங்கள்தான் அன்றைக்குச் சிரித்தோம்.

அம்மணி கோபப்படவில்லை. "சும்மா எழுதினதுங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் பக்கத்துக் கட்டில்காரி காற்று வரவில்லை என்று வேறு கட்டிலுக்கு மாறினாள். ஜன்னலோரத்தில் காற்று வரவில்லையாம். குளியலறையில் இவள் நின்றால் சிலர் பிறகு வருகிறோம் என்று திரும்பினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜனவரி முடிவதற்குள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வேலை மாறிவிட்டது என்றாள். ஆட்டோ வரைக்கும் பக்கெட்டை நான்தான் தூக்கிப்போனேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "லெட்டர் போடு" என்று சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் அறையில் யாரும் சீட்டு எழுதவில்லை.

பின்னாளில் சினிமா பற்றிக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தபோது, பெண்கள் விஷயத்தில் இல்லாத படங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று தெரிந்தது. டி.பி. ராஜலட்சுமி 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' கதாநாயகி. சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துகொடுக்கப்பட்டு, அது முறிந்து, நாடகத்துக்கு வந்தவர். 1936-ல் 'மிஸ் கமலா'வை அவரே எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்தார். தமிழில் ஒரு பெண் இயக்கிய முதல் படம். இரண்டு படத்துக்கும் இன்று பிரதி இல்லை. தன் மகளுக்குக் கமலா என்றே பெயர் வைத்தார் என்று படித்தபோது எனக்கு என்னவோ செய்தது.

பி.கே. ரோஸி கதை இன்னும் மோசம். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' நாயகி. தலித் பெண். நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தார். அது பொறுக்காத சாதிக் கூட்டம் திருவனந்தபுரத்தில் ரகளை செய்தது, அவரை ஊரைவிட்டே துரத்தியது. பிறகு நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்தார் என்கிறார்கள். தலையில் வைத்த பூவைக் கதாநாயகன் முத்தமிடுகிற காட்சிக்குத்தான் கூட்டம் கொதித்ததாம். அந்தப் படமும் இல்லை, அந்தக் காட்சியும் இல்லை. கல்லெறிந்தவர்களுக்கு மட்டும் பார்க்கக் கிடைத்த படம். நாம் ஊகிக்கத்தான் முடியும். அவர் அந்தப் பூவை எப்படி வைத்திருந்தார், என்ன பூ அது?

செரில் டன்யே என்ற கறுப்பினப் பெண் இயக்குநர் 1996-ல் எடுத்த 'தி வாட்டர்மெலன் வுமன்' படத்தை ஒரு தோழி வீட்டு லேப்டாப்பில் பார்த்தேன். வீடியோ கடையில் வேலை செய்யும் ஒரு கறுப்பினப் பெண், 1930-களின் படங்களில் வேலைக்காரியாக நடித்த ஒரு நடிகையைத் தேடிப் போகிறாள். படத்தின் பட்டியலில் அந்த நடிகைக்குப் பெயர்கூட இல்லை, தர்ப்பூசணிப் பெண் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். தேடத் தேட அவளுக்கும் ஒரு பெண் இயக்குநருக்கும் இருந்த உறவு தெரியவருகிறது. பழைய புகைப்படங்கள், பழைய படத்துண்டுகள் எல்லாம் வருகின்றன. நான் முழுக்க நம்பிவிட்டேன். கடைசியில் எழுத்தில் போடுகிறார்கள், எல்லாம் கற்பனை என்று. அந்த நடிகை, அந்தப் படங்கள், அந்தப் புகைப்படங்கள், எதுவுமே இருந்ததில்லை. தேடினால் கிடைக்காத ஆளை டன்யே தானே உண்டாக்கிக்கொண்டார். புகைப்படங்களை ஸோயி லியோனார்ட் என்ற கலைஞர் அந்தக் காலத்து மாதிரியே எடுத்துக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கினேன். சீட்டுகளை எண்ணியது அன்றைக்குத்தான். அம்மணியின் சீட்டு கசங்காமல் இருந்தது. அடியில், ஓரத்தில், பொடி எழுத்தில் 'ம.ப.பா.' என்று இருந்தது. மறுபக்கம் பார்க்க. புரூஃப் பார்க்கிறவள் கண்ணுக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்துச் சொல்லும் அவசரத்தில் அவள் படத்தை நான் பாதியில் அணைத்திருக்கிறேன்.

மறுபக்கத்தில் இருந்தது: பாட்டி கேட்ட ராத்திரியிலிருந்து இருவரும் சண்டை போடப் பழகுகிறார்கள். சரியாக வரவில்லை, சிரிப்பு வந்துவிடுகிறது. அரிசி களைந்த தண்ணீரை யார் கொட்டியது என்று ஆரம்பித்துப் பார்க்கிறார்கள். பழகப் பழக வந்துவிடுகிறது. ஒருநாள் நிஜமாகவே சண்டை வந்து, சின்னவள் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பாட்டி அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, "ரெண்டு நாள்ல சரியாயிரும், போ உள்ள" என்கிறார். கதவு திறந்திருக்கிறது. சின்னவள் ரேவதி. பெரியவளுக்கு ஆள் இன்னும் முடிவாகவில்லை.

இப்போது கல்லூரி மாணவிகளோடு பேசப் போகும்போது சில சமயம் இந்த விளையாட்டை வைக்கிறேன். தூக்குவாளிக்குப் பதிலாக யாருடைய டிபன் பாக்ஸாவது கிடைக்கும். போன முறை இருபத்திரண்டு சீட்டு வந்தது. ஒரு சீட்டில் விண்வெளிக்குப் போன மாமியார் இருந்தார். இன்னொன்றில் ஒரு பெண், பி.ஜி. கோர்ஸுக்கு அப்ளிகேஷன் போடுவதை மூன்று மணி நேரப் படமாக எழுதியிருந்தாள், இடைவேளை கையெழுத்து வாங்குமிடத்தில். எல்லாச் சீட்டையும் டைப் செய்து கலைத்துத்தான் படிக்கிறோம், இரண்டு பக்கமும்.

"யாருதுன்னு கண்டுபிடிக்க வேணாமா மேம்?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. முட்டை கதையைச் சொன்னேன், இந்தக் கதையைச் சொல்லவில்லை. எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் நின்று, தன் சீட்டைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டாள். டிபன் பாக்ஸை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் தேடி எடுக்கும் வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.