மூன்று ஹாம்ப்டன்களின் ஊர்

கிளாஸ்கோ நகரின் தென்புறத்தில் மேடும் சரிவுமாகக் கிடக்கும் கிராஸ்ஹில், மவுண்ட் புளோரிடா என்னும் இரு பேட்டைகளையும் பார்க்க வருகிறவர்களுக்கு, முப்பது ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவன் என்ற உரிமையில் நான் முதலில் காட்டுவது பிரசித்தி பெற்ற பெரிய மைதானத்தை அன்று, ரயில் பாதையை ஒட்டிய ஒரு சிறு புல்தரையைத்தான். 1871 முதல் தனி நகராட்சியாயிருந்த கிராஸ்ஹில் 1891இல் கிளாஸ்கோவுடன் சேர்க்கப்பட்டது. நிர்வாக சரித்திரம் அவ்வளவே.

இப்பிரதேசத்துக்குக் கீர்த்தி தேடித் தந்தது குயீன்ஸ் பார்க் கால்பந்துச் சங்கம். 1568இல் லாங்சைடு போரில் தோற்று ஓடிய மேரி ராணியின் நினைவாகப் பெயர் பெற்ற பூங்காவில் விளையாடிய இளைஞர் சிலர் 1867 ஜூலை 9ஆம் தேதி கூடி இதை ஸ்தாபித்தபோது, பூங்காவின் பெயரே சங்கத்துக்கும் வாய்த்தது ஒரே வாக்கு வித்தியாசத்தில். விளையாட்டின் பொருட்டே விளையாடுவது என்பது அவர்களுடைய லத்தீன் வாசகத்தின் கருத்து. ஜீவனத்துக்கு வேறு தொழில் பார்த்து, ஆட்டத்துக்குக் காசு வாங்காமல் ஆடும் அந்த விரதத்தை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்தார்கள். 1872 நவம்பர் 30ஆம் தேதி இங்கிலாந்துடன் நடந்த முதல் சர்வதேசப் பந்தயத்தில் ஸ்காட்லாந்துக்கு ஆடிய பதினொருவரும் இச்சங்கத்தாரே. ஒருவனே பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதைச் சாமர்த்தியமாகக் கருதிய அக்காலத்தில், கூட்டாளிக்குத் தட்டிக் கொடுத்து முன்னேறும் முறையைச் சம்பிரதாயமாக்கிய பெருமையும் இவர்களைச் சேரும்.

நான் சொன்ன புல்தரைதான் இச்சங்கத்தின் முதல் ஹாம்ப்டன் மைதானம். எதிரே இருந்த வீட்டு வரிசையின் பெயரை மைதானம் எடுத்துக்கொண்டது. அவ்வரிசைக்கோ, முதலாம் சார்லஸ் மன்னனின் கப்பல் வரியை எதிர்த்த ஜான் ஹாம்ப்டன் என்ற ஆங்கிலேயரின் பெயர். ஸ்காட்லாந்தின் கால்பந்துக் கோயில் ஓர் ஆங்கிலேயர் பெயரால் விளங்குவதை இவ்வூரார் ரசிப்பதாகத் தெரியவில்லை! இங்கேதான் 1882 மார்ச்சில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5–1 என்று வென்றது; அன்று தற்காப்பில் நின்ற ஆண்ட்ரூ வாட்சன், பிரிட்டிஷ் கயானாவில் பிறந்து, கறுப்பினத்தவருள் முதன்முதல் சர்வதேச ஆட்டம் ஆடியவர்; முந்தைய ஆண்டு லண்டனில் 6–1 என்று வென்ற அணிக்குத் தலைவர்; இச்சங்கத்தின் காரியதரிசியாகவும் இருந்தவர். இப்போது அந்தப் புல்தரை முதியோர் மரப்பந்து உருட்டும் மன்றம்; சுவரில் அந்த 5–1 வெற்றியின் சித்திரம் இருக்கிறது.

ரயில் பாதைக்காக 1883இல் அவ்விடத்தைவிட்டு, சற்றுத் தள்ளி இரண்டாவது ஹாம்ப்டனை அமைத்தார்கள். 1903இல் அவர்கள் காலி செய்ததும் அங்கே குடியேறிய தேர்ட் லானார்க் சங்கம் 1967இல் மறைந்துபோக, இன்று கேத்கின் பூங்காவாகிய அவ்விடத்தில், ஜனங்கள் நின்று பார்த்த படிகளின் இடையே மரங்கள் ஓங்கி நிற்கின்றன. மாலையில் அங்கே உலாவுவதைவிட இவ்வூரில் வேறு சுகம் எனக்கு இல்லை.

மூன்றாவது ஹாம்ப்டனை எல்லோரும் அறிவார்கள். 1937 ஏப்ரலில் ஸ்காட்லாந்து – இங்கிலாந்து பந்தயத்துக்கு 1,49,415 பேர் திரண்ட இடம் அது. சம்பளமின்றி ஆடியவர்களின் சொந்தச் சொத்தாக அது இருந்தது என்பதை அறிந்தவர்தாம் குறைவு.

அந்தச் சொத்தும் போயிற்று. 2019இல் விரதம் கைவிடப்பட்டது. மறு ஆண்டே மைதானம் ஐம்பது லட்சம் பவுனுக்குத் தேசியக் கால்பந்துச் சங்கத்திடம் கைமாறியது. பக்கத்திலுள்ள சின்னத் திடலுக்கு மாறுவோம் என்ற குயீன்ஸ் பார்க் சங்கத்தார், வேலை முடியாமல் ஸ்டென்ஹவுஸ்மியூர் வரை போய் இரவல் திடலில் ஆடிவிட்டு, தாங்கள் கட்டிய மைதானத்துக்கே விருந்தாளிகளாகத் திரும்பிவந்தார்கள். அங்கே சில நூறு பேர் குரல் கொடுத்தால் எதிரொலிதான் பதில் சொல்கிறது. பெரும் பந்தய நாட்களிலோ எங்கள் வாசலை அடைத்து வண்டிகள் நிற்கின்றன. மறுநாள் காலையில் காலிப் புட்டிகளைப் பொறுக்குவது எங்கள் பொறுப்பு. போன முறை வாசலில் வண்டி நிறுத்திய, தேசிய அணியின் சட்டை போட்ட பிள்ளையாண்டானிடம், குயீன்ஸ் பார்க்கைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமே, வாத்துக் குளம் இருக்கிறதே என்று மேட்டின் பக்கம் கையைக் காட்டினான்.