தோட்டாக் கணக்கு

தம்பலகாமத்து வயற்காரருக்கு வேட்டைத் துவக்கு பொழுதுபோக்கா, தொழிற்கருவியா என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று. பெரும்போகத்து நெல் குடலைப் பருவத்தில் நிற்கையில் பன்றிக் கூட்டத்துக்கு எதிரான காவல் அது. கார்த்திகை, மார்கழியில் உள்ளான்கள் வந்திறங்கும் சேற்று வயல்களில் அதுவே விளையாட்டு. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான்: தோட்டா. அது கிடைக்காத காலங்களின் வரலாற்றை எழுதினால், அதுவே எங்கள் ஊர் வரலாற்றின் ஒரு பகுதியாகிவிடும்.

தோட்டாவைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் இந்நாட்டில் சுட்டிருக்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் தோமஸ் றொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றவர் என்பர். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் ரெனன்ற் பதிவு செய்திருக்கிறார். கொன்ற யானைக்கு அரசு சன்மானமும் கொடுத்தது. 1916இன் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் வந்த பின்னரே சுடுபவனுக்குக் கணக்கு என்ற ஒன்று ஏற்பட்டது.

என் பெரியப்பாவிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற பன்னிரண்டு துளைத் துவக்கு ஒன்று இருந்தது. அந்நாளைய தோட்டாக்களின் உறை கடதாசியாலானது. மாரிக் குளிரில் ஊதிப்போனால் துவக்கின் வாய்க்குள் நுழையாது. அதனால் அவற்றைப் பிஸ்கற் தகரமொன்றில் இட்டு அடுப்படிப் பரணில் வைத்திருப்பார். பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டா. அதனுள் வழக்கமாக ஒன்பது பெரிய குண்டுகள் இருக்கும். உள்ளானுக்குப் பொடிச் சன்னங்கள் நிறைந்த தோட்டா. இரவில் வயற்பக்கம் வெடி கேட்டால் பெரியம்மா படுத்தபடியே எண்ணுவா. இரண்டாவது வெடியும் கேட்டுப் பன்றி வராவிட்டால் காலையில் விசாரணை நடக்கும்.

இறக்குமதிகள் இறுகிய எழுபதுகளில் முதலில் மறைந்தது உள்ளான் வேட்டைதான். ஒரு கைப்பிடி இறைச்சிக்கு ஒரு தோட்டாவா என்ற கேள்வி வந்தபோது விளையாட்டு தோற்றது. மிஞ்சியது காவல். அதுவும் சிக்கனக் காவல். இருபது யார் தூரத்துக்குள் வராத பன்றியைச் சுடுவதில்லை என்பது பெரியப்பாவின் விதி. இருட்டில் சத்தத்தை நோக்கிச் சுடுவதே இல்லை என்பது அதனிலும் கண்டிப்பான விதி. தோட்டாப் பஞ்சம் நல்ல சுடுநர்களை உருவாக்கியது என்று அவர் சொல்வதுண்டு.

ஆனால் பஞ்சத்துக்குக் காரணம் பணம் மட்டுமல்ல. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஜே.வி.பி. இளைஞர்கள் வீடுகளிலிருந்த வேட்டைத் துவக்குகளையே தேடிச் சென்றனர். அதன்பின் ஒவ்வொரு தோட்டாவும் அரசின் கண்ணுக்குச் சந்தேகப் பொருளாயிற்று. எண்பதுகளில் எங்கள் வீட்டுத் துவக்கு பொலிஸில் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைக்காத சில வீடுகளின் துவக்குகளை இயக்கங்கள் வாங்கிப் போயின. அதே ஆண்டுகளில் ஊர்காவற் படையினருக்கு அரசு வேட்டைத் துவக்குகளை வழங்கியது. துவக்கு யார் கையில் இருக்கலாம் என்பதை வயல் தீர்மானித்த காலம் முடிந்து, இனம் தீர்மானித்த காலம் தொடங்கியது. 1998 பெப்ரவரி முதலாம் திகதி தம்பலகாமம் பாரதிபுரத்தில் எட்டுத் தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த ஊரில் அதற்குப் பிறகும் வெடிச் சத்தத்தைப் 'பன்றிக்கு வைத்த வெடி' என்று எண்ணித் திரும்பிப் படுக்க யாரால் முடியும்?

போர் 2009இல் முடிந்தது. பன்றிகளுக்கும் குரங்குகளுக்கும் அது நல்ல காலம். ஆளில்லாத வயல்கள் பற்றைக்காடாகி அவற்றுக்கு வீடாகியிருந்தன. பயிர்க்காவலுக்கு மீண்டும் துவக்குப் பெற்றவர்கள் சிலர். தோட்டா வாங்கும் சக்தி அவர்களுக்கு நீடிக்கவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்படுவதற்குள் விளைச்சல் விழுந்தது. 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவில் கட்டி வைக்கப்பட்டிருந்த டொலர் அவிழ்த்துவிடப்பட்டு, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. டீசலுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாத நாட்டில் தோட்டாவுக்கு யார் டொலர் தருவார்?

புலம்பெயர்ந்த நாடுகளில் சுடுகழகங்களுக்குப் போகும் நம்மவர்களுக்கும் இது புதிய செய்தியன்று. 2020இல் பெருந்தொற்று அச்சத்தில் அமெரிக்கர்கள் கடைகளைத் துடைத்தெடுத்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் றெமிங்டன் நிறுவனம் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. 2022 பெப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. பருத்தி இழையிலிருந்து செய்யப்படும் நைட்ரோசெல்லுலோஸ் இல்லாமல் புகையில்லா வெடிமருந்து இல்லை. பீரங்கிக் குண்டும் விளையாட்டுத் தோட்டாவும் அதே மருந்துக்காகக் கைநீட்டின. ரொறன்ரோவில் இலக்குத் தட்டைச் சுடுபவர், பயிற்சியைக் குறைத்துக்கொண்டு விலை இறங்கும்வரை பொறுத்திருக்கலாம். கதிர் பொறுத்திருக்காது.

என்ன செய்கிறார்கள்? பரணில் விழித்திருக்கிறார்கள். தகரம் தட்டுகிறார்கள், தீ மூட்டுகிறார்கள். தினைப்புனம் காத்த சங்க காலப் பெண்களின் தட்டையும் கவணும் இன்று பால்மாத் தகரமாகவும் கவட்டைத்தடியாகவும் திரும்பியிருக்கின்றன. யானைக்கு வனஜீவராசிகள் திணைக்களம் தரும் வெடி உண்டு. யானைகள் அதற்கும் பழகிவிட்டன. மயில் முருகனின் வாகனம், யானை பிள்ளையார். இவற்றைச் சுட எங்கள் ஊரில் கை எழாது. 2025 மார்ச் 15 அன்று காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம் நாடெங்கும் பயிரழிக்கும் விலங்குகளை எண்ணினார்கள். விவசாயிகள் சிரித்தார்கள், ஆனாலும் எண்ணினார்கள்.

இவற்றோடு நின்றால் நான் இதை எழுத வேண்டியதில்லை. தோட்டா எட்டாத விலைக்குப் போன இடங்களில் கட்டுத்துவக்கு வருகிறது. வேலிக்கு மின்கம்பி வருகிறது. பூசணிக்காய்க்குள் வைத்த 'ஹக்க பட்டாஸ்' வருகிறது. பன்றிக்கு வைத்ததை யானைக் கன்று கடித்துத் தாடை சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. 2023இல் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்தப் போரில் மாண்டார்கள். எல்லாவற்றுக்கும் தோட்டா விலை காரணமல்ல. காடழிப்பும் வழித்தடம் மறித்த குடியேற்றங்களும் பெருங்காரணங்கள். ஆனால் மலிவான கொலைக்கருவியை நோக்கி ஏழை விவசாயியைத் தள்ளுவதில் விலைக்கும் பங்குண்டு.

அனுமதிப்பத்திரக்காரனுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு; எத்தனை தோட்டா வாங்கினான் என்ற கணக்கும் உண்டு. அவன் பார்த்துச் சுடுகிறான், பார்த்ததால் சுடாமலும் விடுகிறான். கட்டுத்துவக்குக்குக் கண் கிடையாது. இரவில் மாடு தேடிப் போகும் சிறுவனையும் பன்றியையும் அது ஒன்றாகவே நடத்தும். துவக்குகள் பெருக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றால் பட்ட ஊர் எங்களுடையது. மின்வேலியும் இழப்பீடும் காலத்தில் கிடைத்தால் தகரத்திலுள்ள தோட்டா துருப்பிடித்துப் போகட்டும். அதுவரை, கணக்குக்கு உட்பட்ட ஒரு தோட்டாவைக் கணக்குக்கு உட்பட்ட விவசாயிக்கு நியாய விலையில் கொடுப்பது, கணக்கில்லாத கண்ணிகளை எண்ணிக்கொண்டிருப்பதை விட மேலானது.