எடுத்த இடத்தில் வைத்தல்

மும்பையில் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு இடநெருக்கடி புதிதன்று. ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் புத்தகங்களும் இருந்தாக வேண்டும். அதனினும் சிறிய இடத்தில் ஒழுங்கு எங்ஙனம் காக்கப்படுகிறது என்பதை, மழைக்காலத்தில் கரையேற்றியிருந்த கோலி மீனவர் படகொன்றில் நாம் கண்டோம்.

எமது அரைகுறை மராத்தியைப் பொறுத்துக்கொண்டு படகின் முதியவர் விளக்கினார். சுத்தியல், ஸ்பானர் முதலிய கனத்த கருவிகள் படகின் நடுவே தாழ்வாக இருத்தல் வேண்டும். உயரத்தில் பாரம் கூடினால் படகு தள்ளாடும். எனினும் அடித்தட்டில் வைத்தலாகாது. அங்குத் தேங்கும் உப்புநீர் இரும்பை அரித்துவிடும். ஆகவே மரக்கட்டைகளின் மேல் பெட்டி. பெட்டிக்குள் எண்ணெய் தோய்ந்த துணி. திசைகாட்டியின் அருகே இரும்பு எதுவும் செல்லலாகாது. முள் விலகிப் பொய்த்திசை காட்டும்.

கத்தி மட்டும் பெட்டியில் இல்லை. சுக்கான் பிடிப்பவரின் கைக்கெட்டும் இடத்தில் கயிற்றில் தொங்கியது. கடலில் இறங்கும் வலையில் ஒருவர் கால் சிக்கினால், இருளில் கத்தியைத் தேட நேரமிராது என்றார். தம் தமையனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நாமும் மேலே வினவவில்லை.

ரயில் நிலையத்தில் தீ வாளிகள் தத்தம் கொக்கியிலேயே இருப்பதற்கும் காரணம் இதுவே. ஆபத்துக்கு ஓடிவர உற்றார் அருகில்லாத நம் இல்லங்களில் டார்ச் விளக்கும், அண்டை வீட்டார் தொலைபேசி எண்ணும், சிறு பிள்ளையும் இருளில் கைநீட்டி எடுக்கத்தக்க ஓரிடத்தில் என்றும் இருத்தல் வேண்டும்.