படைவீட்டு அம்மன்

வேலூரிலிருந்து போளூர் செல்லும் சாலையில் சந்தவாசல் என்றோர் ஊர் உண்டு. அங்கே இறங்கி மேற்கு முகமாகத் திரும்பினால், ஜவ்வாது மலைத்தொடர் நீல மதில்போல் எதிரே எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது படவேடு.

'படைவீடு' என்பதே மருவிப் படவேடு ஆயிற்று. அரசன் சேனையோடு தங்கும் இடத்துக்குப் படைவீடு என்று பெயர். பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர்களுக்கு இதுவே தலைநகரம். அருகிலுள்ள ராஜகம்பீரன் மலைமேல் அவர்களுடைய கோட்டை இருந்தது. விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் தெற்கே படையெடுத்து வந்தபோது, சம்புவராயர் அந்த மலைக்கோட்டையில் புகுந்து போரிட்டு மாண்டார் என்று, கம்பணரின் தேவியாகிய கங்காதேவி 'மதுரா விஜயம்' என்னும் வடமொழிக் காவியத்தில் பாடியிருக்கிறார்.

அதன் பிறகு விஜயநகர ஆட்சி வந்தது. ஆயினும் ஊரின் பெயர் மறையவில்லை. சுற்றுப்புறச் சீமை முழுவதும் 'படைவீட்டு இராஜ்யம்' என்றே வழங்கலாயிற்று. பின்னர் மண்மாரி பெய்து நகரமே புதையுண்டது என்று ஊரார் சொல்லுவார்கள். மணல் மூடிக் கிடந்த கோயில்கள் சில இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் மீண்டும் வெளிச்சம் கண்டன. இராமர் கோயிலில் கோதண்டமின்றி, யோகத்தில் அமர்ந்து சின்முத்திரை காட்டும் இராமனைத் தரிசிக்கலாம். படைகள் திரண்ட ஊரில் வில்லேந்தாத இராமன்!

ஊருக்கு உயிராய் விளங்குபவள் ரேணுகாம்பாள். ஜமதக்னி முனிவரின் ஆணையால் மகன் பரசுராமனே தாயின் தலையைக் கொய்தான் என்ற புராணத்தை நேயர்கள் அறிவார்கள். அந்தத் தாயைத்தான் இங்கே தலை வடிவில் வணங்குகிறார்கள். ஆடி வெள்ளிக்கிழமைகளில் ஜனத்திரள் சொல்லி முடியாது. கூட்டத்தில் மகளின் கல்யாணத்துக்காகக் கண் கலங்கி வேண்டும் தாய்மார் எத்தனை பேர்!

அவர்களைக் கண்டபோது விரிஞ்சிபுரம் மார்க்கபந்து ஈசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. 1425-ஆம் ஆண்டில் படைவீட்டு இராஜ்யத்து அந்தணர்கள் ஒன்றுகூடிச் செய்த உடன்படிக்கை அது. தமிழர், கன்னடியர், தெலுங்கர், லாடர் ஆகிய நால்வகையாரும் அதற்கு இசைந்தனர். கல்யாணத்தைக் கன்னிகாதானமாகவே நடத்த வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும், பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கும் ஜாதி விலக்குக்கும் உள்ளாவர் என்பது அதன் சாரம்.

அன்று பெண்ணைப் பெற்றவர் பொன் வாங்கினார். பின்னாளில் பிள்ளையைப் பெற்றவர் வாங்கத் தொடங்கினார். சுதந்திர பாரதம் 1961-இல் வரதட்சிணையைத் தடுத்துச் சட்டமே இயற்றியது. அப்படியும் அந்தத் தாய்மாரின் கண்ணீர் நின்றபாடில்லை.

கம்பணரின் சேனை ஒரு போரில் கோட்டையை வென்றது. நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த வழக்கத்தை வெல்ல அறுநூறு ஆண்டுகள் போதவில்லை. படைவீட்டுக்குப் போகும் அன்பர்கள் அம்மன் சந்நிதியில் விபூதி பெறும்போது, பிள்ளையைப் பெற்றவர்களாயின், இந்த ஒரு விஷயத்தில் சங்கல்பம் செய்துகொண்டு திரும்பட்டும்.